பிளீச் வாளியும் ஊசியிலைக் காட்டு மண்ணும்

குளோரீன் என்றதும் லண்டனில் இருப்பவர்களுக்கு நீச்சல் தடாகத்தின் மணம்தான் நினைவுக்கு வரும். எனக்கு ஈரக் காட்டு மண்ணின் மணம் வருகிறது. அதற்குக் காரணம் ஒரு ஸ்கொட்லாந்துப் பெண்மணியும், சுன்னாகத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு மனிதரும்.

சென்ற மாதம், நான் முன்பு வேலை செய்த ஆய்வுகூடத்திலிருந்து ஓர் இளம்பெண் தொலைபேசியில் அழைத்தாள். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. நிலவறையில் கிடக்கும் பழைய உலையைக் கழித்து எறியப் போகிறார்களாம். "ஆன்ட்டி, இதை வச்சு நீங்கள் என்ன மெஷர் பண்ணினீங்கள்? இப்ப எல்லாம் மெஷினே செய்யுது" என்றாள். உலையைப் பற்றி வெகுநேரம் சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகுதான், அந்த உலையைச் சுற்றி நின்ற மனிதர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று பட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தோம். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவள் நான். என் கணவர் ஸ்ட்ரெதமில் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலைக்குப் போனார். நான் தென் லண்டனில் இருந்த ஒரு மண் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். மாலை வகுப்புகளுக்குப் போய், பரீட்சை எழுதி, அங்கேயே தொழினுட்ப உதவியாளராக ஆனேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. களைப்பும் பஸ்ஸும்தான்.

பிறகு என்னை மொய்ராவிடம் அனுப்பினார்கள்.

ஸ்கொட்லாந்துக்காரரான டொக்டர் மொய்ரா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உயரமானவர். தலைமுடியைப் பென்சிலால் சுருட்டிக் குத்தியிருப்பார். அந்தப் பென்சிலையே எடுத்து எழுதிவிட்டு, முடி அவிழ்ந்து தொங்க நாள் முழுவதும் திரிவார். முதல் நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, என் பெயரைச் சொல்லித் தரச் சொன்னார். "பவானி" என்று சரியாக வரும்வரை அந்தப் படியிலேயே நின்று சொல்லிப் பார்த்தார். அதுவரை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் என்னை "பாவ்னி" என்றே கூப்பிட்டார்கள். நானும் திருத்தியதில்லை.

அவருடைய வேலை வடக்கத்திக் காடுகளின் மண். ஸ்கொட்லாந்திலும் சுவீடனிலும் இருந்து, ஊசியிலை மரங்களின் அடியில் எடுத்த மண் குளிர்பெட்டிகளில் எங்களுக்கு வரும். அந்தக் காலத்தில் பாடப்புத்தகங்கள் சொன்ன கதை சுருக்கமானது. கடலில் இருந்து மழையோடு உப்பு வருகிறது. அந்த உப்பில் உள்ள குளோரைட்டு மண்ணுக்குள் இறங்கி, ஒன்றோடும் சேராமல், ஓடைக்குப் போய்விடுகிறது. காடு அதற்கு வெறும் வழி. மண்ணில் வேறு விதமான குளோரீன், அதாவது காபன் என்னும் கரியோடு பிணைந்த குளோரீன், இருக்குமென்றால் அது மனிதன் போட்டது. பூச்சிகொல்லியோ, காகித ஆலையின் கழிவோ, ஏதோ ஒரு நஞ்சு.

மொய்ராவின் மண் இந்தக் கதையைக் கேட்கவில்லை. ஆலையோ வயலோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாத காட்டின் மண்ணிலும் பிணைந்த குளோரீன் இருந்தது. சில இடங்களில் உப்பாக இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது.

அதை அளந்த முறையைச் சொல்ல வேண்டும். மண்ணில் வேரையும் கல்லையும் பொறுக்கி, உலர்த்தி, அரைப்போம். பிறகு நைத்திரேற்றுக் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவுவோம். சாதாரண உப்பு கரைந்து போய்விடும். எவ்வளவு கழுவினாலும் போகாமல், உக்கிய இலைதழையான மக்கோடு ஒட்டி நிற்பதுதான் எங்களுக்கு வேண்டியது. கழுவிய மண்ணைப் படகு வடிவில் இருக்கும் ஒரு சின்னத் தட்டில் வைத்து, உலைக்குள் இருக்கும் குவார்ட்ஸ் குழாயினுள் மெதுவாகத் தள்ளி, ஒட்சிசனை ஓடவிட்டு எரிப்போம். வரும் வாயுவை அமிலத்தில் பிடித்து, குளோரீனோடு சேரும் வெள்ளிக் கரைசலால் அளப்போம்.

கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் குளோரீன் இல்லாத இடமே உலகத்தில் இல்லை. விரலின் வியர்வையில் உண்டு. குழாய்த் தண்ணீரில் உண்டு. வெள்ளைக் காகிதம் அதனால்தான் வெளுக்கப்பட்டிருக்கும். ஆகவே மண் வைக்காமல் வெறும் தட்டையும் ஒவ்வொரு நாளும் அதே மாதிரி எரித்துப் பார்ப்போம். அதற்கு வெற்று மாதிரி என்று பெயர். வெற்றுத் தட்டு எண் காட்டினால் அன்றைய வேலை முழுவதும் சந்தேகத்துக்குரியது. மொய்ரா காலையில் கதவைத் திறந்ததும் வணக்கம் சொல்ல மாட்டார். "வெற்று எப்படி இருக்கிறது?" என்றுதான் கேட்பார். நான் நல்லது என்று சொன்ன பிறகு, "அப்படியென்றால் காலை வணக்கம்" என்பார்.

இன்னொன்றையும் நான் கவனித்திருக்கிறேன். யாராவது குடுவையை உடைத்தால், யார் உடைத்தது என்று அவர் கேட்டதே இல்லை. தும்புத்தடியை எடுத்துக்கொண்டு கூட்டித் தள்ள வருவார்.

தவராசா அண்ணை எங்கள் மாடியைத் துப்புரவு செய்ய வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நாற்பதைத் தாண்டிய மனிதர். மெலிந்த உடம்பு. சுன்னாகத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டுத் தனியே வந்து சேர்ந்தவர். இங்கே தங்க அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் சில வருடங்கள் பொறுத்திருந்து, நிலையான வேலையும் இருக்க இடமும் காட்டினால்தான் குடும்பத்தைக் கூப்பிடலாம். அந்த வேலைதான் இது. ஒரு துப்புரவுக் கம்பனி மூலம் வந்தவர், எங்கள் நிறுவனத்தின் ஆள் அல்ல.

அவர் வந்த முதல் நாளே நான் தமிழில் சொல்லிவிட்டேன். "அண்ணை, இந்த அறைக்குள்ளை பிளீச் மட்டும் வேண்டாம். வெறும் சுடுதண்ணி போதும்." அவர் உலையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஓம் தங்கச்சி, விளங்குது" என்றார்.

அடுத்த வருடம், மொய்ரா தன் முடிவுகளைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். அது திரும்பி வந்தது. படித்துப் பார்த்தவர்களில் ஒருவர், இது ஆய்வுகூடத்திலேயே கலந்த குளோரீனாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். மொய்ரா கோபப்படவில்லை. "நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்" என்றார்.

எங்கள் கெட்ட காலம், அதே கிழமையில் வெற்று மாதிரியின் எண் ஏறத் தொடங்கியது. முதல் நாள் கொஞ்சம். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். தட்டைக் கழுவினோம், குழாயைச் சுட்டோம், ஒன்றும் மாறவில்லை. மூன்றாம் நாள் பிரிவுத் தலைவர் எங்களைப் பார்க்க மேலே வந்தார். நடைபாதையில் பிளீச் மணம். எங்கள் கதவுக்கு நாலு அடி தள்ளித் தவராசா அண்ணையின் வாளி நின்றது.

தலைவர் கெட்ட மனிதர் அல்ல. மிகவும் கவனமானவர். இளவயதில் தன்னோடு வேலை செய்த ஒருவருடைய பெயர், கலப்படமான ஒரு முடிவால் கெட்டுப்போனதை அவர் பார்த்திருந்தார். வாளியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "விடை இங்கேதான் நிற்கிறது போல" என்றார்.

அன்று பின்னேரம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பவானி, அவர் உங்கள் நாட்டுக்காரர்தானே. அறைக்குள் பிளீச் ஊற்றினாரா?"

"ஊற்றவில்லை என்று சொல்கிறார்."

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"நான் நம்புகிறேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை."

அவர் தலையாட்டினார். நான் சொன்னது உண்மை. ஆனாலும் வெளியே வந்தபோது, ஒருவரைக் கைவிட்டு வந்த மாதிரி இருந்தது.

துப்புரவுக் கம்பனிக்குத் தகவல் போனது. அவர்கள் விசாரிக்கவே இல்லை. விஷயம் தெளியும்வரை வர வேண்டாம், அதுவரை சம்பளமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பஸ் தரிப்பில் தவராசா அண்ணை எனக்காகக் காத்து நின்றார்.

"தங்கச்சி, நான் அந்த அறைக்குள்ளை பிளீச் கொண்டு போறேல்லை. கக்கூசுக்கும் வெளிநடைக்கும்தான். நீங்கள் சொன்னாப் பிறகு ஒருநாளும் கொண்டு போகேல்லை."

"எனக்குத் தெரியும் அண்ணை. அவையிட்டையும் சொன்னனான்."

"பேந்து என்ன?"

"சொன்னாப் போதாது போல கிடக்கு. காட்ட வேணும்."

பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. "இந்த வேலை போச்செண்டால் அவவையும் பிள்ளையளையும் கூப்பிடேலாது. சின்னவளை நான் விட்டிட்டு வரேக்கை தவழ்ந்து கொண்டிருந்தவள்" என்றார். பிறகு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார்.

மறுநாள் காலை மொய்ராவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பென்சிலை முடியிலிருந்து உருவி, வாயில் கடித்துக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்து போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் தவராசா அண்ணையின் வாளி, மறுகையில் தரை துடைக்கும் தடி.

அறைக்குள் மேசைகளின் மேல், கழுவி உலர்த்திய சுத்தமான மணலைச் சிறு கிண்ணங்களில் திறந்து வைத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் சில கிண்ணங்களை வேறு மாடியில் வைத்தோம். மொய்ரா வாளியில் தாராளமாகப் பிளீச் ஊற்றி, நடைபாதை முழுவதையும் துடைத்தார். அவருக்குத் துடைக்கவே தெரியவில்லை. தடியைப் பிழியாமல் அடித்தார். தண்ணீர் ஆறு மாதிரி ஓடியது. அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்து, வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மொய்ரா, என்ன செய்கிறீர்கள்?"

"நீங்கள் சொன்னதைச் சோதிக்கிறேன். காலைத் தூக்குங்கள்."

கதவு திறந்தபடியே இருந்தது. அப்படியிருந்தும் உள்ளே வைத்த மணலுக்கும் வேறு மாடியில் வைத்த மணலுக்கும் வித்தியாசம் வரவில்லை. நடைபாதைப் பிளீச் எங்கள் மாதிரிகளுக்குள் வரவில்லை என்று தெரிந்தது. ஆனால் இது முழு விடை அல்ல. அறைக்குள்ளேயே அவர் ஊற்றியிருந்தால்? தலைவர் அதைத்தான் கேட்டார். மேசையும் தரையும் குடித்திருக்கலாம் என்றார்.

அதற்குள் ஒரு கிழமை ஓடிவிட்டது. தவராசா அண்ணை வரவில்லை. அறையைச் சுடுதண்ணீரால் நாங்களே துடைத்தோம். வெற்று மாதிரி மட்டும் இறங்கவில்லை. இன்னும் ஏறியது.

"ஆள் இல்லாமலே ஏறுகிறது. அப்படியென்றால் ஏற்றுவது இன்னும் இங்கேயே இருக்கிறது" என்றார் மொய்ரா. ஒரு நாளைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தோம். முதலில் தட்டு. பிறகு அமிலம். பிறகு ஒட்சிசன் சிலிண்டர். ஒவ்வொரு நாளும் மாற்றிவிட்டு எரிப்போம், எண்ணைப் பார்ப்போம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். சிலிண்டருக்கும் உலைக்கும் இடையில் ஓடிய மென்குழாயைக் கழற்றப்போன அன்று, மொய்ராவின் கை அப்படியே நின்றது. உலையின் பக்கமாக இருந்த முனை சூட்டில் பழுப்பாகி, இளகிப் போயிருந்தது. அவர் அதை முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். மூக்கை அரித்தது.

பழைய குழாய் வெடித்துவிட்டது என்று சில கிழமைகளுக்கு முன்பு அதை மாற்றியிருந்தோம். புதியது வைனல் பிளாஸ்டிக். வைனலில் குளோரீன் உண்டு. சூடு பட்டால் அது வாயுவாகக் கழன்று வரும். ஒட்சிசனோடு சேர்த்து நாங்களே குளோரீனையும் உலைக்குள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"இது நான் வாங்கியது" என்றார் மொய்ரா. மெதுவாகத்தான் சொன்னார். "கடையில் கையில் கிடைத்ததை வாங்கினேன். என்ன பிளாஸ்டிக் என்று பார்க்கவில்லை."

வேறு குழாயைப் போட்டோம். வெற்று மாதிரி பழைய இடத்துக்கு இறங்கியது. மொய்ரா பழுப்பேறிய குழாயைக் கையில் பிடித்தபடி நேரே தலைவரின் அறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். அங்கே வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. குழாயை மேசையில் வைத்தார்.

"இதுதான் காரணம். வாங்கியது நான். அந்த மனிதரை இன்றைக்கே திரும்பக் கூப்பிட வேண்டும். வராத நாட்களுக்கும் சம்பளம் கொடுக்கச் சொல்ல வேண்டும்."

தலைவர் குழாயை எடுத்துப் பார்த்தார். முகம் சிவந்தது. மறுபேச்சுப் பேசாமல் தொலைபேசியை எடுத்தார்.

எனக்கு அத்தோடு முடிந்தது என்றுதான் பட்டது. மொய்ராவுக்கு முடியவில்லை. "அவர் எங்கே இருக்கிறார்?" என்று என்னைக் கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை இருவருமாக, தென் லண்டனில் மிட்சம் என்னும் இடத்துக்குப் பஸ்ஸில் போனோம். ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே, இன்னும் மூன்று பேரோடு அவர் பகிர்ந்துகொண்ட அறை. கதவைத் திறந்த தவராசா அண்ணை எங்களைக் கண்டதும் பதறிப் போனார். அவர் உடுப்புக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்து அறைக்கு ஓடி ஒரு கதிரை கொண்டு வந்தார். மொய்ரா அதை எனக்குத் தந்துவிட்டுக் கட்டில் விளிம்பில் அமர்ந்தார். தேத்தண்ணி வந்தது. மொய்ரா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே பேசினார்.

"தவறு என்னுடையது. நான் ஒரு பொருளைப் பார்க்காமல் வாங்கினேன். அதற்கு நீங்கள் தண்டனை அனுபவித்தீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தேன்."

நான் தமிழில் சொன்னேன். அவருக்கு ஆங்கிலத்திலேயே விளங்கியிருக்கும். என்றாலும் தமிழில் கேட்டு முடியும்வரை குனிந்தபடி இருந்தார்.

"அவவுக்குச் சொல்லுங்கோ தங்கச்சி" என்றார். "என்னை ஊரிலையும் சந்தேகத்திலை பிடிச்சுக் கொண்டுபோனவை. பேந்து விட்டவை. ஆனால் பிழை எங்களிலை எண்டு ஒருத்தரும் வீடு தேடி வந்து சொன்னதில்லை."

எனக்கு உடனே மொழிபெயர்க்க வரவில்லை. மொய்ரா அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். நான் சொல்லி முடித்தபோது, மொய்ரா அந்தத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். மன்னிப்புக் கேட்டு முடியும்வரை அந்த வீட்டில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று இருந்திருக்கிறார்.

வெளிக்கிடும்போது தவராசா அண்ணை என்னைக் கேட்டார். "அது சரி, அந்தக் காட்டு மண்ணிலை உண்மையா இருக்கோ? இல்லாட்டி எல்லாம் அந்தக் குழாயின்ரை வேலையோ?"

"குழாய் மாத்த முந்தியே அளந்தது அண்ணை. எங்களுக்கு உண்மை எண்டுதான் படுது. ஆனால் இனி ஆர் நம்புவினம்?"

"அப்ப கொஞ்சக் காலத்தாலை திரும்பவும் என்ரை வாளியைத்தான் சொல்லுவினம்."

இதையும் மொய்ராவுக்குச் சொன்னேன். அவர் படியில் இறங்கிக்கொண்டே, "அவர் சொல்வது சரி. யாரும் அப்படிச் சொல்லவே முடியாத ஒரு சோதனை வேண்டும்" என்றார். பஸ்ஸில் வரும்போது, பயணச்சீட்டின் பின்பக்கத்தில் அதை வரைந்தும் காட்டினார்.

சோதனை இதுதான். குளோரீனில் மெல்லிய கதிர்வீசும் ஒரு வகை உண்டு. அதை அடையாளம் போட்ட குளோரீன் என்று வைத்துக்கொள்ளலாம். அடையாளம் போட்ட உப்பை மண்ணில் விட்டு, சில மாதங்கள் வைத்து, பிறகு கழுவ வேண்டும். கழுவியும் அடையாளம் மண்ணிலேயே நின்றால், மண் அதைப் பிடித்துத் தன் கரியோடு பிணைத்துவிட்டது என்று அர்த்தம். பிளீச்சிலோ குழாயிலோ குழாய்த் தண்ணீரிலோ அந்த அடையாளம் இல்லை. வாளியைக் கவிழ்த்து ஊற்றினாலும் முடிவு மாறாது. பாதி மண்ணை நீராவியில் அவித்து அதில் உள்ள உயிரையெல்லாம் கொன்றுவிட வேண்டும். மீதி உயிரோடு இருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால், செய்வது மண்ணில் உள்ள உயிர்தானா என்பதும் தெரியும்.

மண்ணைப் புதிதாக எடுக்க, இலையுதிர் காலத்தில் மொய்ரா என்னையும் ஸ்கொட்லாந்துக்கு அழைத்துப் போனார். பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் தனியாகப் போன முதல் பயணம் அது. அவருடைய சப்பாத்தை இரண்டு சோடி காலுறையோடு போட்டுக்கொண்டேன். அதுவரை அந்தக் காடு எனக்குக் குளிர்பெட்டியில் வரும் பழுப்புத் தூள் மட்டும்தான்.

உள்ளே போனதும் சத்தமே இல்லை. உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தை மாதிரிக் கிடந்தன. கால் அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தது. மொய்ரா முழங்காலில் இருந்து, உருக்குக் குழலை மண்ணில் இறக்கி, முறுக்கி எடுத்தார். குழலைத் திறந்தால் மண் அடுக்கடுக்காக இருந்தது. மேலே ஊசிகள். அதன்கீழ் கறுத்த மக்கு. மக்கு முழுவதும் வெள்ளை நூல் போலப் பூஞ்சண இழைகள். அதற்கும் கீழே சாம்பல் நிற மண், பிறகு துருப்பிடித்த சிவப்பு.

மழை தூறியது. மொய்ரா முகத்தைத் துடைக்கவில்லை. "இந்த மழை கடலைத் தாண்டி வருகிறது, பவானி. நாக்கில் பட்டால் தெரியாது, ஆனால் உப்பு இருக்கிறது. மரம் அதைக் குடிக்கிறது. ஊசியில் சேர்கிறது. ஊசி விழுகிறது. இந்த இழைகள் அதைத் தின்கின்றன. அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை." இழையொன்றை விரல்நுனியில் எடுத்து என் கையுறையில் வைத்தார். மூச்சுப் பட்டாலே அறுந்துவிடும் போல இருந்தது.

லண்டனுக்குத் திரும்பியதும் மண்ணைப் போத்தல்களில் இட்டு, அடையாளம் போட்ட உப்பைத் துளித்துளியாக விட்டு, குளிரான இருட்டறையில் வைத்தோம். மாரிக் குளிர்காலம் முழுவதும் அது அங்கே இருந்தது. தவராசா அண்ணை வேலைக்குத் திரும்பியிருந்தார். எங்கள் அறையைத் துடைக்க வரும்போது முதலில் வாளியைக் கதவடியில் வைத்து, "தங்கச்சி, மணந்து பாருங்கோ, வெறும் தண்ணி" என்பார். வேண்டாம் அண்ணை என்று எத்தனை தரம் சொல்லியும் அவர் விடவில்லை. அந்த வழக்கம் எனக்கு வலித்தது. அவருக்கு அது தன்னைக் காத்துக்கொள்ளும் வழி.

வசந்தம் வந்தபோது போத்தல்களை எடுத்தோம். கழுவினோம். கழுவிய தண்ணீரில் அடையாளம் வருவது அடியோடு நிற்கும்வரை கழுவினோம். என் கைகள் மரத்துப்போயின. பிறகு மண்ணை எரித்து, வந்ததைப் பிடித்து, நிலவறையில் இருந்த கதிரெண்ணும் கருவியில் வைத்தோம். அவித்த மண் முதலில் வந்தது. அதில் இருந்ததும் இல்லாததும் ஒன்று. வெறும் போத்தலோடு வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்து உயிருள்ள மண். எண்கள் ஏறின.

மொய்ரா நாற்காலியில் இருந்து எழுந்தார், திரும்ப இருந்தார். "நீங்கள் வாசியுங்கள், பவானி" என்றார். வாசித்தேன். "அடுத்தது." வாசித்தேன். ஒவ்வொரு போத்தலும் அதையே சொன்னது. உயிருள்ள மண் குளோரீனைப் பிடித்துத் தன்னோடு பிணைத்து வைத்திருந்தது. செத்த மண் அதை அப்படியே போகவிட்டிருந்தது. மொய்ராவின் கண்ணில் நீர். எனக்கும்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க முயன்று தோற்றோம்.

தவராசா அண்ணை நிலவறை நடையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், எங்கள் கோலத்தைக் கண்டு வாசலில் நின்றுவிட்டார். "என்ன தங்கச்சி, திரும்பவும் பிழைச்சுப் போச்சோ?"

"இல்லை அண்ணை. வாங்கோ, உள்ளை வாங்கோ."

அவர் வாளியைப் பார்த்தார். மொய்ரா தானே போய், அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். நான் போத்தல்களைக் காட்டி விளக்கினேன். "இதுக்குள்ளை நிக்கிறது நாங்கள் அடையாளம் போட்ட குளோரீன். பிளீச்சிலை இது இல்லை. உயிர் உள்ள மண்தான் பிடிச்சு வைச்சிருக்கு."

அவர் போத்தலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை. "அப்ப செய்தது காடு. பழியைச் சுமந்தது நான்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். நான் மொழிபெயர்க்க, மொய்ராவும் சிரித்தார். அடுத்த நாள் முதல் அவர் என்னை வாளியை மணந்து பார்க்கச் சொல்லவில்லை.

கட்டுரை பிறகு ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதை நாங்கள்தான் முதலில் கண்டோம் என்று சொல்ல மாட்டேன். வடக்கு நாடுகளில் வேறு ஆட்களும் அதே காலத்தில் இதையே கண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். காகித ஆலைக்காரர்கள் சிலர், இயற்கையே செய்கிறது என்றால் நாங்கள் ஆற்றில் விடுவதில் என்ன குற்றம் என்று மொய்ராவிடம் கேட்டு வந்தார்கள். "மண் இதைத் தன் வேகத்தில், தன் அளவில் செய்கிறது. நீங்கள் அப்படிச் செய்யவில்லை" என்று சொல்லி அவர்களைப் படிக்கட்டு வரை கொண்டுபோய் விட்டார். பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் ஏன் இந்த வேலையைச் செய்கின்றன என்பது அன்று எங்களுக்கு முழுதாகத் தெரியவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தவராசா அண்ணையின் குடும்பத்துக்கு விசா கிடைக்க இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. அவர்கள் வந்து இறங்கிய நாள் என் கணவரின் கார் பழுது. மொய்ரா தன் சின்னக் காரைக் கொண்டு வந்தார். ஹீத்ரோவில் கதவு திறந்து அவர்கள் வெளியே வந்தபோது, மூத்தவள் ஓடி வந்து தகப்பனைக் கட்டிக்கொண்டாள். சின்னவள் தாயின் சேலைக்குள் முகத்தை மறைத்தாள். அவளுக்கு அவரைத் தெரியாது. தாய், "அப்பாவடி, அப்பாவிட்டைப் போ" என்று தள்ளினாள். அவள் அழத் தொடங்கினாள்.

"விடும், விடும். அவள் வரேக்கை வரட்டும்" என்றார் தவராசா அண்ணை. நீட்டிய கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

காரின் பின்பெட்டி முழுவதும் மொய்ராவின் மண் தோண்டும் குழல்கள். பெட்டிகளுக்கு இடமில்லை. ஒன்றை நான் முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் அவர்கள் நால்வரும் மிச்சப் பைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். சின்னவள் நடுவில். முதலில் அவள் தாயின் பக்கமே ஒடுங்கியிருந்தாள். கார் ஓட ஓட, பயணக் களைப்பில் கண் செருகி, தலை மெல்ல மறுபக்கம் சரிந்து, தகப்பனின் தோளில் விழுந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்கிப் போனாள். தவராசா அண்ணை மூச்சுக்கூட விடாதவர் மாதிரி விறைத்து இருந்தார். கண்ணில் இருந்து வழிந்ததைத் துடைக்கவும் கையை அசைக்கவில்லை.

மிட்சம் வந்தது. மரக்கறிக் கடையைத் தாண்டி, அவர் புதிதாக வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுத் தெரு தெரிந்தது. மொய்ரா திரும்பாமல் நேரே ஓட்டினார்.

"மொய்ரா, தெருவை விட்டுவிட்டீர்கள்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கண்ணாடியில் பின் சீட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு புல்வெளியைச் சுற்றிப் போகும் நீண்ட வீதியில், மெதுவாக, காரைத் திருப்பினார்.